ஓடும் குருதியின் ஓசை

வத்திராயிருப்பு வட்டாரத்தில் வயலுக்கு நீர் பாய்ச்சும் உழவர் ஒருவரிடம், வாய்க்காலில் தண்ணீர் எவ்வளவு விரைவாகப் போகிறது என்று கேட்டுப் பாருங்கள். அவர் புத்தகத்தைத் தேட மாட்டார். ஒரு வைக்கோல் துரும்பைக் கிள்ளி நீரில் இடுவார், இரண்டு தென்னைகளுக்கு இடையேயுள்ள தொலைவை அது கடக்கும் நேரத்தை மனத்துக்குள் எண்ணுவார், விடையைச் சொல்லிவிடுவார். நடு வாய்க்காலில் இட்ட துரும்பு விரைந்து செல்லும், கரையோரம் இட்டது தயங்கித் தயங்கிச் செல்லும் என்பது அவருக்குத் தெரியும். மடை குறுகிய இடத்தில் நீர் சீறிப் பாயும் என்பதும் தெரியும். மேற்கு மலையிலிருந்து இறங்கும் ஓடைகளையும், பிளவக்கல் அணை நீரையும், ஒன்றன்பின் ஒன்றாக நிரம்பும் கண்மாய்களையும் நம்பி வாழும் ஊர்களில் இது குழந்தைகளுக்கும் பழகிய அறிவு.

மாணவ நண்பர்களே, நம் உடம்பிலும் வாய்க்கால்கள் உண்டு. ஆனால் அவற்றில் துரும்பு இட இயலாது. கரையை வெட்டாமல், வாய்க்காலைத் திறக்காமல், உள்ளே ஓடும் குருதியின் விரைவை வெளியிலிருந்தே அளக்க வேண்டும். இந்த அரிய செயலை மனிதன் எவ்வாறு கற்றுக்கொண்டான் என்ற வரலாற்றையே இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

இங்கிலாந்து நாட்டு மருத்துவர் வில்லியம் ஹார்வி, இதயத்திலிருந்து புறப்படும் இரத்தம் மீண்டும் இதயத்துக்கே வந்து சேருகிறது என்பதை 1628-ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் நிறுவினார். அவர் கையாண்ட வலிமை மிக்க கருவி கணக்கே எனலாம். ஒரு துடிப்புக்கு வெளியேறும் இரத்தம் மிகக் குறைவு என்று வைத்துக்கொண்டாலும், அரை மணி நேரத்துத் துடிப்புகளால் அதைப் பெருக்கினால் உடம்பில் உள்ள மொத்த இரத்தத்தையும் விஞ்சிவிடுகிறது. ஆகவே போன இரத்தமே திரும்பி வந்தாக வேண்டும் என்று அவர் வாதிட்டார். நூறு ஆண்டுகளுக்குப் பின், 1733-இல், ஸ்டீபன் ஹேல்ஸ் என்னும் பாதிரியார் ஒரு பெண் குதிரையின் தமனியில் குழாயைச் செருகி, அதனோடு நீண்ட கண்ணாடிக் குழாயை இணைத்து, இரத்தம் 8 அடி 3 அங்குல உயரம் ஏறியதாக எழுதி வைத்தார். இரத்த அழுத்தம் அளக்கப்பட்டது, குதிரை பிழைக்கவில்லை. ஓட்டத்தை அறிய வேண்டுமானால் வெட்டித்தான் ஆக வேண்டும் என்ற நிலை இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையில் நீடித்தது.

இதற்கு விடை தந்தவர் இரத்தத்தைப் பற்றியே எண்ணாத ஒருவர். ஆஸ்திரிய நாட்டுச் சால்ஸ்பர்க் நகரில் கல்தச்சர் குடும்பத்தில் 1803-ஆம் ஆண்டு கிறிஸ்தியான் டாப்ளர் பிறந்தார். உடல் நலிவினால் குலத்தொழிலுக்கு ஏற்றவர் அல்லர் என்று கருதப்பட்ட அவர் கணிதம் கற்றார். பிராக் நகரில் ஆசிரியராக இருந்தபோது, 1842 மே 25-ஆம் நாள், அந்நகரத்து அறிவியல் கழகத்தில் ஒரு கட்டுரை படித்தார். இரட்டை விண்மீன்களின் வண்ண ஒளியைப் பற்றியது அக்கட்டுரை. கேட்க வந்திருந்தவர் மிகச் சிலரே. நம்மை நோக்கி வரும் பொருளிலிருந்து புறப்படும் அலைகள் நெருங்கி வந்து சேரும். விலகிச் செல்லும் பொருளின் அலைகள் அகன்று வந்து சேரும். ஆகவே அலையின் அதிர்வெண் மாறித் தோன்றும் என்பதே அவர் கண்ட விதி.

இராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே நெடுஞ்சாலையோரம் நிற்கும் மாணவனுக்கு இவ்விதியை மெய்ப்பிக்க எந்த ஆய்வகமும் வேண்டியதில்லை. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒலிப்பானை ஒலித்துக்கொண்டே ஒரு பேருந்து அவனைக் கடந்து செல்லட்டும். கடக்கும் கணத்தில் ஒலியின் சுருதி சட்டென்று தாழும். கணக்கிட்டால் அதிர்வெண் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறைந்திருக்கும். ஓட்டுநருக்கோ சுருதி மாறியதாகவே தோன்றாது. டாப்ளரின் காலத்தில் பேருந்து ஏது? ஹாலந்து நாட்டு அறிஞர் பைஸ் பாலட், 1845-ஆம் ஆண்டு, யூட்ரெக்ட் நகருக்கு அருகே புகைவண்டி ஒன்றை அமர்த்திக்கொண்டார். வண்டியின் மேல் கொம்பு வாசிப்போரை நிறுத்தினார். இருப்புப்பாதை ஓரத்தில் சுருதி பிடிக்க வல்ல இசைவாணர்களை நிறுத்தினார். வண்டி நெருங்கும்போது சுருதி ஏறியும், விலகும்போது இறங்கியும் ஒலித்ததை அவர்கள் காதாலேயே மதிப்பிட்டுக் கூறினர். விதி ஒலிக்குப் பொருந்தியது.

ஆயினும் ஒன்றை இங்கே குறிப்பிட வேண்டும். டாப்ளர் எதற்காக அவ்விதியைக் கண்டாரோ, அந்தக் காரியத்தில் அவர் கூறியது பிழை. விண்மீன்கள் செந்நிறமாகவும் நீலநிறமாகவும் தோன்றுவதற்கு அவற்றின் வெப்பநிலையே காரணம், நகர்ச்சி அன்று. அந்த விளக்கம் பொருந்தாது என்பதைப் பைஸ் பாலட்டும் அன்றே எடுத்துச் சொன்னார். விளக்கம் வீழ்ந்தது, விதி நின்றது. டாப்ளர் 1853-இல் வெனிஸ் நகரில், ஐம்பது வயது நிரம்புமுன் நோயால் மறைந்தார்.

அவருடைய விதி நம் நாட்டில், நம் மலைகளுக்கு மேலேயே, அரியதொரு கண்டுபிடிப்புக்குத் துணை நின்றது என்பது நம் மாணவர் பலருக்குத் தெரியாது. வத்திராயிருப்பிலிருந்து வடக்கே நேர்கோடு ஒன்றை இழுத்தால், சற்றேறக்குறைய 70 கிலோமீட்டர் தொலைவில் பழனி மலைத்தொடரில் கோடைக்கானல் இருக்கிறது. அங்கே 1899-இல் சூரிய ஆய்வகம் நிறுவப்பட்டது. 1907-இல் அங்கு வந்து சேர்ந்த ஜான் எவர்ஷெட், சூரியப் புள்ளிகளின் ஒளியை நிறமாலையாகப் பிரித்துப் படம் பிடித்து வந்தார். புள்ளியில் வாயு சுழல்கிறதா என்று காண்பது அவர் நோக்கம். 1909-ஆம் ஆண்டு ஜனவரியில் எடுத்த படங்களில் நிறமாலைக் கோடுகள் சிறிதே இடம் பெயர்ந்திருந்தன. ஆனால் அப்பெயர்ச்சி சுழற்சிக்கு உரியதாக இல்லை. புள்ளியின் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி வாயு ஆரம்போல் எல்லாப் பக்கமும் பாய்ந்து செல்வதை அது காட்டிற்று. விரைவு வினாடிக்கு ஏறக்குறைய 2 கிலோமீட்டர். பதினைந்து கோடி கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள ஓர் ஓட்டத்தைத் தொடாமலே அளந்துவிட்டார் எவர்ஷெட். இன்றும் அது அவர் பெயராலேயே வழங்குகிறது. தோலுக்கு இரண்டு விரல் ஆழத்தில் ஓடும் இரத்தத்தின் விரைவை வெட்டாமல் அளக்க அன்று வழி தெரியாது என்பதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள்.

இரத்தத்தை அளக்க ஒளி பயன்படாது. உடம்புக்குள் அது ஆழமாகச் செல்லாது. ஒலி செல்லும். ஆனால் நாம் கேட்கும் ஒலியின் அலை மிக நீண்டது; நுண்ணிய பொருள்களைப் பிரித்தறியப் போதாது. ஆகவே வினாடிக்கு 20,000 அதிர்வுகளுக்கும் மேற்பட்ட, காதுக்கு எட்டாத ஒலி வேண்டும். அதைக் கேளா ஒலி என்கிறோம், ஆங்கிலத்தில் அல்ட்ராசவுண்ட். சில படிகங்களை அழுத்தினால் மின்சாரம் தோன்றும் என்பதை 1880-இல் கியூரி சகோதரர்கள் கண்டனர். மின்சாரம் பாய்ச்சினால் அதே படிகம் அதிரும். முதல் உலகப் போரின்போது பிரெஞ்சு விஞ்ஞானி லான்ஷுவின் அத்தகைய படிகத்தைக் கொண்டு கடலுக்கடியில் நீர்மூழ்கிகளைத் தேடும் முறையை உருவாக்கினார்.

கேளா ஒலியையும் டாப்ளர் விதியையும் ஒருங்கே ஆராய்ந்தவர்களுள் நம்மவரும் உண்டு. திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி. வி. ராமனும், அவருடைய மாணவர் நாகேந்திர நாத்தும், பெங்களூரில் இருந்துகொண்டு 1935, 1936-ஆம் ஆண்டுகளில் ஒரு கட்டுரை வரிசையை வெளியிட்டனர். ஒரு திரவத்தில் கேளா ஒலி செல்லும்போது குறுக்கே பாயும் ஒளி பல கற்றைகளாகச் சிதறுகிறது. அது ஏன் என்பதை அவர்கள் கணித முறையில் தெளிவாக்கினர். அவ்வரிசையின் மூன்றாம் பகுதி டாப்ளர் விளைவைப் பற்றியதே. ஓடும் ஒலியலையில் பட்டுத் தெறித்த ஒளியின் அதிர்வெண் ஒலியின் அதிர்வெண் அளவுக்கு மாறுகிறது என்று அதில் காட்டினர். அதற்கும் மருத்துவத்துக்கும் நேர்த் தொடர்பு இல்லை. எனினும் நம் பௌதிக மாணவர்கள் இப்பெயர்களை மறந்துவிடாதிருப்பது நல்லது.

இனி ஜப்பானுக்கு வருவோம். ஒசாகா பல்கலைக்கழகத்தில் ஷிகேயோ சாட்டோமுரா என்னும் இளம் பௌதிக அறிஞர், 1955-ஆம் ஆண்டையொட்டி, கேளா ஒலியை மார்பின்மீது பாய்ச்சி, துடிக்கும் இதயத்திலிருந்து திரும்பும் ஒலியின் அதிர்வெண் மாறுவதைக் கண்டார். இதயத்தின் சுவரும் வால்வும் அசைவதால் எழுந்த மாற்றம் அது. 1957-இல் அமெரிக்க ஒலியியல் ஏடு ஒன்றில் அவர் கட்டுரை வெளிவந்தது. பின்னர் இரத்தக் குழாய்களின் மேல் கருவியை வைத்தபோது ஒருவித இரைச்சல் கேட்டது. அது குழாய்ச் சுவரின் அசைவன்று, ஓடும் இரத்தத்திலிருந்தே வருவது என்ற முடிவுக்கு அவரும், நரம்பியல் மருத்துவர் கனேகோவும், உடன் உழைத்தோரும் படிப்படியாக வந்து சேர்ந்தனர். சிவப்பணுக்களே அந்த ஒலியைச் சிதறடிக்கின்றன. உழவர் வாய்க்காலில் இட்ட துரும்பை நினைவுகூருங்கள். இரத்தத்தில் இயற்கையே துரும்புகளை இட்டு வைத்திருக்கிறது; ஒரு கன மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய 50 லட்சம்.

சாட்டோமுரா 1960-இல், நாற்பதை ஒட்டிய வயதில் இறந்துபோனார். தாம் தொடங்கியது எவ்வளவு பெரிய காரியம் என்பதைக் காண அவர் இருக்கவில்லை. அடுத்த ஆண்டே அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பிராங்க்ளின், ஷ்லேகல், ரஷ்மர் என்னும் மூவர், இரத்தத்திலிருந்து சிதறித் திரும்பும் கேளா ஒலியின் அதிர்வெண் மாற்றத்தால் இரத்த ஓட்டத்தை அளக்கும் முறையை வெளியிட்டனர். மேலை நாட்டு நூல்கள் பல அங்கிருந்தே இவ்வரலாற்றைத் தொடங்குகின்றன. அது நேர்மையான தொடக்கம் அன்று என்பது என் கருத்து.

அளவுக்கு ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். வினாடிக்கு 50 லட்சம் அதிர்வுடைய கேளா ஒலியைத் தமனியின்மேல் 60 பாகைச் சாய்வில் பாய்ச்சுகிறோம். இரத்தம் வினாடிக்கு ஒரு மீட்டர் ஓடுகிறது. உடலின் மென்தசையில் ஒலியின் விரைவு வினாடிக்கு 1,540 மீட்டர். ஓடும் அணு முதலில் ஒலியைக் கேட்பதாலும், பிறகு அதுவே ஒலியைத் திருப்பி அனுப்புவதாலும் மாற்றம் இருமுறை நேர்கிறது. ஆகவே இரண்டால் பெருக்க வேண்டும். சாய்வின் கோசைன் அரை. எல்லாவற்றையும் கூட்டிக் கழித்தால் அதிர்வெண் மாற்றம் வினாடிக்கு ஏறக்குறைய 3,250. இந்த எண்ணைக் கவனியுங்கள். அனுப்பிய ஒலி நம் செவிக்கு எட்டாதது. திரும்பிய ஒலியும் எட்டாதது. ஆனால் இரண்டுக்கும் உள்ள வேற்றுமை, மனிதச் செவி மிகக் கூர்மையாகக் கேட்கும் எல்லைக்குள் விழுகிறது! வேற்றுமையை மட்டும் பிரித்தெடுத்து ஒலிபெருக்கியில் விட்டால் இரத்தம் ஓடும் ஓசை அறையெங்கும் கேட்கும். தமனியின் ஓசை ஒவ்வொரு துடிப்புக்கும் விசிறி அடித்தாற்போல் எழுந்து விழும். சிரையின் ஓசை புளியமரத்தில் புகுந்த காற்றைப்போல் தொடர்ந்து இரைந்து மூச்சோடு ஏறி இறங்கும். முதற்காலத்து மருத்துவர்கள் திரையைப் பார்க்கவில்லை. காதால் கேட்டே அடைப்பைக் கண்டுபிடித்தனர்.

அந்த முதல் முறைக்குத் தொடர் அலை முறை என்று பெயர். ஒரு படிகம் இடைவிடாது ஒலியை அனுப்பும். பக்கத்தில் மற்றொன்று இடைவிடாது கேட்கும். எவ்வளவு விரைவான ஓட்டத்தையும் இதனால் அளக்கலாம். ஆனால் எந்த ஆழத்திலிருந்து ஒலி வந்தது என்று சொல்ல இயலாது. ஒலியின் பாதையில் உள்ள எல்லாக் குழாய்களின் ஓசையும் கலந்து வரும். தொடக்கத்தில், இரத்தம் நம்மை நோக்கி வருகிறதா, விலகிச் செல்கிறதா என்பதுகூடத் தெரியவில்லை. 1967-இல் மக்லியாட் என்பவர் அக்குறையைப் போக்கினார்.

ஆழத்தை அறிய வேண்டுமானால் துடிப்புத் துடிப்பாக ஒலியை அனுப்ப வேண்டும். கிணற்றுக்குள் கூவி எதிரொலிக்குக் காத்திருப்பதைப் போல, ஒரு துடிப்பை அனுப்பிவிட்டு, குறிப்பிட்ட நேரம் கழித்து வரும் எதிரொலியை மட்டும் கேட்க வேண்டும். முன்னும் பின்னும் வருவனவற்றுக்குக் கதவை அடைத்துவிட வேண்டும். சியாட்டிலில் பேக்கரும், இங்கிலாந்தில் வெல்ஸும், பிரான்சில் பெரோனோவும் 1969, 1970-ஆம் ஆண்டுகளில் தனித்தனியே இத்துடிப்பு முறையை அமைத்தனர். 1974-இல் சியாட்டில் குழுவினர் உறுப்பின் படத்தையும் டாப்ளரையும் ஒரே கருவியில் இணைத்தனர். அதன்பின் மருத்துவர் படத்தைப் பார்த்து, வேண்டிய குழாயின் நடுவே அளவைக் கதவை வைக்க முடிந்தது.

இம்முறைக்கும் ஒரு தடை உண்டு. அது பொறியாளரின் குறையன்று, இயற்கையின் விதி. 15 சென்டிமீட்டர் ஆழத்துக்குச் சென்று திரும்ப ஒலிக்கு ஏறக்குறைய வினாடியின் 5,000-இல் ஒரு பங்கு வேண்டும். முதல் துடிப்பு திரும்புமுன் அடுத்ததை அனுப்பினால் குழப்பம் நேரும். ஆகவே வினாடிக்கு 5,000 துடிப்புகளுக்குச் சற்று மேல் அனுப்ப இயலாது. அதில் பாதிக்கு மேற்பட்ட அதிர்வெண் மாற்றத்தை உண்மையாக அறியவும் இயலாது. திரைப்படத்தில் விரைந்தோடும் வண்டியின் சக்கரம் சில வேளை பின்னோக்கிச் சுழல்வதாகத் தோன்றுமே, அதே மயக்கம் இங்கும் நேரும்: முன்னோக்கிப் பாயும் இரத்தம் பின்னோக்கிப் பாய்வதாகத் திரை காட்டும். 25 லட்சம் அதிர்வுடைய ஒலியைக் கொண்டு அந்த ஆழத்தில் அளந்தால், வினாடிக்கு 0.8 மீட்டருக்கு மேற்பட்ட விரைவிலேயே இம்மயக்கம் தொடங்கிவிடும். சுருங்கிய இதய வால்வு ஒன்றில் இரத்தம் 4, 5 மீட்டர் விரைவில் பீறிட்டுப் பாயும். அங்கே பழைய தொடர் அலை முறையே கைகொடுக்கும். புதியது வந்ததும் பழையதைத் தூக்கி எறிந்துவிடாத துறைகளுள் இதுவும் ஒன்று.

அளந்ததைத் திரையில் எவ்வாறு எழுதுவது? படுக்கைக்கோட்டில் நேரம், செங்குத்தில் விரைவு. கருவியை நோக்கி வரும் ஓட்டம் கோட்டுக்கு மேலும், விலகும் ஓட்டம் கீழும் எழுதப்படும். வாய்க்காலைப் போலவே குழாயிலும் நடுவில் உள்ள அணுக்கள் விரைவாகவும் ஓரத்தில் உள்ளவை மெதுவாகவும் செல்வதால், ஒரே கணத்தில் பல விரைவுகள் இருக்கும். எந்த விரைவில் அணுக்கள் மிகுதியோ அந்தப் புள்ளி மிகுதியாக ஒளிரும். துடிப்புக்குத் துடிப்பு மலைமுகடுபோல் எழுந்து சரியும் அவ்வரைவை நிறமாலை வரைவு என்பர். எவர்ஷெட் கோடைக்கானலில் பார்த்ததற்கும் இதற்கும் பெயரில் மட்டுமல்லாமல் பொருளிலும் உறவு உண்டு.

விரைவு தெரிந்தால் அழுத்தமும் தெரியும் என்பதைக் காட்டியவர்கள் நார்வே நாட்டினர். 1970-களில் ஹோலனும், அவரை அடுத்து லிவ் ஹாட்லே என்னும் பெண் மருத்துவரும், பொறியாளர் ஆங்கெல்சனும், கல்லூரியில் நீங்கள் படிக்கும் பெர்னூலி தேற்றத்தைச் சுருக்கி மருத்துவரின் கையில் கொடுத்தனர். வால்வைக் கடக்கும் இரத்தத்தின் விரைவை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கத்தை நான்கால் பெருக்குங்கள். வால்வின் இருபுறத்து அழுத்த வேறுபாடு பாதரச மில்லிமீட்டரில் கிடைக்கும். 4 மீட்டர் என்றால் 64. அதுவரை இந்த எண்ணை அறிய, கை அல்லது தொடைக் குழாய் வழியே இதயத்துக்குள் குழல் செலுத்த வேண்டியிருந்தது. மடை குறுகினால் நீர் சீறும் என்று உழவர் அறிந்ததன் கணித வடிவமே இது.

நம் நாட்டுக்கு இது எத்தகைய உதவி என்பதைச் சொல்லாமல் போகக் கூடாது. தொண்டைப் புண்ணில் தொடங்கும் வாதக் காய்ச்சல், ஏழைக் குழந்தைகளின் இதய வால்வைத் தடிக்கச் செய்து சுருக்கிவிடும். மேலை நாடுகளில் நடுவயதில் முற்றும் இந்நோய் இந்தியாவில் இருபது வயதுக்குள்ளேயே முற்றிவிடுகிறது என்பதை டெல்லி மருத்துவர் சுஜாய் ராயும் அவர் குழுவினரும் 1963-இல் உலகுக்கு எடுத்துரைத்தனர். 4 முதல் 6 சதுர சென்டிமீட்டர் வரை திறக்க வேண்டிய மைட்ரல் வால்வு, ஒரு சதுர சென்டிமீட்டராகக் குறுகி நிற்கும் பள்ளிச் சிறுமிகளை நம் மருத்துவமனைகள் கண்டிருக்கின்றன. படி ஏறினால் மூச்சு வாங்கும். பிறகு படுத்தாலும் வாங்கும். வால்வைக் கடக்கும் அழுத்தம் பாதியாகக் குறைய எத்தனை மில்லிவினாடி ஆகிறது என்பதை டாப்ளர் வரைவில் அளந்து, 220-ஐ அந்த எண்ணால் வகுத்தால், வால்வுத் திறப்பின் பரப்பு கிடைத்துவிடும். இது ஹாட்லே தந்த எளிய வாய்பாடு. ஜப்பானிய மருத்துவர் இனோவே 1984-இல் அறிவித்த பலூன் முறையால் மார்பைப் பிளக்காமலே அவ்வால்வை விரிக்க வழி பிறந்தது. எந்தச் சிறுமிக்கு அது வேண்டும், செய்தபின் வால்வு எவ்வளவு விரிந்தது, கசிவு ஏற்பட்டதா என்பவற்றை கூழ்மம் தடவிய ஒரு கருவித்தலை, ஊசி முனைகூடப் படாமல் சொல்லிவிடுகிறது.

வண்ணத்தை மீண்டும் அழைத்து வந்தவர்களும் ஜப்பானியரே. கசாய், நமேகாவா, கோயானோ, ஓமோட்டோ ஆகியோர் 1985-இல் வெளியிட்ட முறையில், ஒரு புள்ளிக்குப் பதிலாகப் படத்தின் ஒரு பரப்பு முழுவதிலும் ஓட்டம் உடனுக்குடன் அளக்கப்பட்டு, வண்ணமாகத் தீட்டப்படும். கருவியை நோக்கி வருவது சிவப்பு, விலகுவது நீலம் என்பது வழக்கமான ஏற்பாடு. ஓட்டம் சுழித்துக் குழம்பினால் மஞ்சளும் பச்சையும் கலந்து தெறிக்கும். சிவப்பு என்றால் தமனி, நீலம் என்றால் சிரை என்று நினைப்போர் உண்டு. அது தவறு. கருவித்தலையைத் திருப்பிப் பிடித்தால் அதே குழாய் நிறம் மாறிவிடும். நகரும் பொருள் நிறம் மாறித் தோன்றும் என்று விண்மீன்களைப் பற்றி டாப்ளர் கூறியது வானத்தில் பலிக்கவில்லை. மனிதன் தன் விருப்பப்படி நிறம் தீட்டிக்கொண்ட திரையில் பலித்துவிட்டது! 1994-இல் அமெரிக்காவின் மிச்சிகன் குழுவினர் பரப்பிய ஆற்றல் டாப்ளர் என்னும் முறை, திசையையும் விரைவையும் விட்டுவிட்டு, ஓட்டம் இருக்கிறதா என்பதை மட்டும் ஒரே நிறத்தில் காட்டுகிறது. மெதுவாக ஓடும் சிறு குழாய்களுக்கு அது ஏற்றது.

இத்தனை கருவிகளிலும் ஓர் ஏமாற்றம் ஒளிந்திருக்கிறது. திரையில் தோன்றும் எண், ஒலிக்கும் ஓட்டத்துக்கும் இடையே உள்ள கோணத்தை மனிதன் சரியாகக் குறித்தான் என்ற நம்பிக்கையில் பிறந்த எண். 60 பாகையை 65 என்று குறித்தால் விடை ஏறக்குறைய 18 விழுக்காடு மிகுந்துவிடும். 80 பாகையில் அதே ஐந்து பாகைப் பிழை விடையை இருமடங்காக்கிவிடும். 90 பாகையில் பாய்ச்சினால் நிறைந்தோடும் குழாய்கூட வறண்டதுபோல் தோன்றும். ஆகவே 60 பாகைக்கு மேல் அளப்பதில்லை என்பது இத்துறையின் கட்டுப்பாடு. கழுத்துத் தமனியில் அடைப்பு எவ்வளவு என்று முடிவு செய்வதும், அறுவை வேண்டுமா என்று தீர்மானிப்பதும் இந்த எண்ணைக் கொண்டே என்பதால், திரையில் குழாயின் மேல் கிடக்கும் அச்சிறு கோணக்கோடு சாதாரணமானதன்று.

கருவிலிருக்கும் குழந்தையின் இதயத் துடிப்பை டாப்ளர் முறையால் கேட்கலாம் என்பது 1964-இல் வெளியாயிற்று. அயர்லாந்தில் 1977-இல் பிட்ஸ்ஜெரால்டும் டிரம்மும் தொப்புள்கொடித் தமனியின் ஓட்டத்தை வரைந்து காட்டினர். நலமான கருவில், இதயம் சுருங்கும்போது ஓடும் இரத்தம், விரியும்போதும் நிற்காமல் நஞ்சுக்கொடியை நோக்கி ஓடிக்கொண்டே இருக்கும். நஞ்சுக்கொடி நலிந்தால் இரண்டு துடிப்புகளுக்கு இடையே வரைவு கோட்டைத் தொட்டு நிற்கும். மேலும் நலிந்தால் கோட்டுக்குக் கீழே இறங்கும். அதாவது இரத்தம் பின்னோக்கித் திரும்பும். அந்த வரைவைக் கண்ட மருத்துவர் தாயை வீட்டுக்கு அனுப்ப மாட்டார். குழந்தையை இப்போதே எடுப்பதா, இன்னும் சில நாள் உள்ளே வளர விடுவதா என்ற முடிவு அந்தச் சிறு வளைவில் தொங்குகிறது. துடிப்பு டாப்ளரின் ஒலி சாதாரணப் படத்துக்கு வேண்டிய ஒலியைவிட வலிமை மிகுந்தது. அதனால் கருவுற்ற முதல் மூன்று மாதங்களில் தேவையின்றி அதனைப் பயன்படுத்தக் கூடாது என்ற எச்சரிக்கையும் உண்டு.

இதே கேளா ஒலி, டாப்ளராக அன்றிப் படமாக, நம் நாட்டில் வேறொரு பணிக்கும் ஏவப்பட்டது. கருவில் இருப்பது பெண் என்று அறிந்து அழிக்கும் கொடுமை பெருகியது. ஆறு வயதுக்குட்பட்ட ஆண் குழந்தைகள் ஆயிரவருக்கு, 1991-இல் 945 ஆக இருந்த பெண் குழந்தைகளின் எண்ணிக்கை, 2001-இல் 927 ஆகக் குறைந்தது. 1994-இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் 1996 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது; 2003-இல் அது மேலும் கடுமையாக்கப்பட்டது. அச்சட்டத்தின்படி ஒவ்வொரு ஸ்கேன் நிலையமும் பதிவு பெற்றிருக்க வேண்டும். கருவுற்ற தாய்க்குச் செய்யும் ஒவ்வொரு ஆய்வுக்கும் படிவம் எழுதி வைக்க வேண்டும். பாலினத்தை வாயாலோ சைகையாலோ தெரிவிப்பது குற்றம். தொப்புள்கொடியின் ஓட்டத்தை அளந்து ஒரு பெண் சிசுவைக் காப்பாற்றும் மருத்துவரும், அளக்கத் தொடங்குமுன் அந்தப் படிவத்தில் கையெழுத்திட்டே தீர வேண்டும்.